மேசைக்கணினி தடுமாறாமல் இயங்க எந்த லினக்ஸ் கர்னல்?

பின்னணியில் ஒரு பெரிய நிரல் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும்போது உலாவியின் பக்கத்தை உருட்டினால் அது தத்தித் தத்தி நகர்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு ஒரு கணம் அறுபட்டுத் தொடர்கிறது. தட்டிய எழுத்து சற்றுப் பொறுத்தே திரையில் விழுகிறது. செயலியையும் நினைவகத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டு நடத்தும் லினக்ஸின் மையப் பகுதியே கர்னல். லினக்ஸ் பயன்படுத்துவோர், பிறர் மாற்றியமைத்துத் தரும் தனிப்பயன் கர்னல்களைத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் குறையால்தான். ஜென், லிகோரிக்ஸ், சான்மாட், கேச்சிஓஎஸ் என்று பல பெயர்கள் உடனே கண்ணில் படும். ஒவ்வொன்றும் வேகத்தையே வாக்களிக்கும். இவற்றில் எதை நிறுவுவது என்று பார்ப்பதற்கு முன், நம்முடைய குறை கர்னலை மாற்றினால் தீரக்கூடியதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பலருக்கு அது அப்படிப்பட்ட குறையே அல்ல என்பதால், இந்த வழிகாட்டி கர்னல்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல் சோதனையிலிருந்து தொடங்குகிறது.

வேகம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறுபட்ட பண்புகள் கலந்திருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது ஒன்று. ஒரு பொத்தானை அழுத்தியதும் எவ்வளவு விரைவில் பதில் வருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று எதிரானவை. செயலியை ஒரு வேலையிடமிருந்து அடிக்கடி பிடுங்கி இன்னொன்றிடம் கொடுத்தால் பதில் விரைவாக வரும். அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உழைப்பு வீணாகும். வழக்கமான கர்னல்கள் சர்வர், மடிக்கணினி, மேசைக்கணினி எல்லாவற்றுக்கும் பொதுவாக நடுவழியில் நிற்கின்றன. தனிப்பயன் கர்னல்கள் மொத்த வேலையில் சிறிது இழந்தாலும் பதில் விரைவாக வரட்டும் என்ற பக்கம் சாய்கின்றன. ஆகவே அவற்றின் பலன் செயலிக்குப் போட்டி இருக்கும் வேளையில்தான் தெரியும். ஓய்வாக இருக்கும் கணினியில் எந்தக் கர்னலை இட்டாலும் கைக்கு வேறுபாடு தெரியாது.

தடுமாற்றம் எங்கே பிறக்கிறது

இதைக் கண்டறிய லினக்ஸிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. அதைப் போதிய பேர் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். 2018-ல் வெளிவந்த 4.20 கர்னலிலிருந்து பிஎஸ்ஐ எனப்படும் அழுத்த அளவீடு கர்னலுடனேயே வருகிறது. ‘/ப்ராக்/பிரஷர்’ என்ற கோப்புறையில் சிபியு, மெமரி, ஐஓ என்று மூன்று கோப்புகள் இருக்கும். (பாதைகளையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்பில் தந்திருக்கிறேன், டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.) ஒவ்வொரு கோப்பிலும் ‘சம்’, ‘ஃபுல்’ என்று இரண்டு வரிகள் உண்டு. ஏதேனும் ஒரு வேலையாவது அந்த வளத்துக்காகக் காத்துக்கிடந்த நேரத்தின் விழுக்காட்டை முதல் வரி காட்டும். ஓட வேண்டிய எல்லா வேலைகளும் ஒருசேர முடங்கிக்கிடந்த நேரத்தை இரண்டாவது வரி காட்டும். ஒவ்வொரு வரியிலும் கடைசி 10 விநாடி, 60 விநாடி, 300 விநாடிக்கான சராசரிகள் அடுத்தடுத்து இருக்கும். சில டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளை இப்படிச் சொல்வார்கள்) இந்த அளவீடு அணைத்துவைக்கப்பட்டிருக்கும்; அங்கே கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் பூட் அளவுருவில் ‘பிஎஸ்ஐ=1’ என்று சேர்த்தால் போதும்.

தடுமாற்றம் நிகழும் அந்த நேரத்திலேயே இந்த மூன்று கோப்புகளையும் விநாடிக்கொரு முறை ‘வாட்ச்’ கட்டளையால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிபியு கோப்பின் 10 விநாடிச் சராசரி உயர்ந்து, மற்ற இரண்டும் சுழியத்துக்கு அருகில் இருந்தால் வேலைகள் செயலிக்காக வரிசையில் நிற்கின்றன என்று பொருள். தனிப்பயன் கர்னல் உதவக்கூடிய நிலை இது. மெமரி கோப்பின் ‘ஃபுல்’ வரியே உயர்கிறது என்றால் நினைவகம் போதவில்லை. கர்னல், நினைவகத்தின் துண்டுகளான பக்கங்களை வெளியே தள்ளுவதும் மறுபடி உள்ளே இழுப்பதுமாகத் திணறுகிறது. செயலியை வேலைகளுக்குப் பங்கிடும் ஷெட்யூலர் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், தன் பக்கம் வட்டிலிருந்து வரும்வரை காத்திருக்கும் உலாவியை அதனால் ஓட்ட முடியாது. ஐஓ கோப்பு உயர்ந்தால் குறை சேமிப்பகத்தின் பக்கம் இருக்கிறது.

மூன்றும் அமைதியாக இருந்தும் திரை தத்துகிறது என்றால் கர்னல் ஷெட்யூலரை விட்டுவிட்டு வேறிடத்தில் தேட வேண்டும். கிராபிக்ஸ் டிரைவர், சாளரங்களைச் சேர்த்துத் திரையில் வரையும் கம்பாசிட்டர், வெவ்வேறு புதுப்பிப்பு வீதம் கொண்ட இரண்டு திரைகளை இணைத்திருப்பது, வெப்பத்தால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆற்றல் சேமிப்பு நிலையில் விடப்பட்ட மடிக்கணினியும் இதில் அடங்கும். இன்டெல் பிஸ்டேட், ஏஎம்டி பிஸ்டேட் டிரைவர்களில், செயலியின் வேகத்தை ஆளும் கவர்னரின் பெயர் ‘பவர்சேவ்’ என்று காட்டுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அங்கே செயலி எவ்வளவு விரைவாக வேகமெடுக்கும் என்பதை ஆற்றல் விருப்ப அமைப்பே தீர்மானிக்கிறது. டெஸ்க்டாப்பின் ஆற்றல் பட்டியலில் சமநிலை அல்லது செயல்திறன் சுயவிவரத்துக்கு மாற்றிப் பார்த்தால் குறை அத்துடன் மறைந்துவிடவும் கூடும்.

கர்னலுக்குள் உண்மையில் எவை மாறுகின்றன

தனிப்பயன் கர்னல்களின் விளக்கப் பக்கங்களில் நீளமான மாற்றப் பட்டியல்கள் இருக்கும். மேசைக்கணினியின் மறுமொழிக்கு அவற்றில் மூன்றே முதன்மையானவை: ஷெட்யூலர், பிரீஎம்ப்ஷன் முறை, டிக் வேகம்.

அடுத்து எந்த வேலை ஓட வேண்டும் என்பதை ஷெட்யூலர் முடிவு செய்கிறது. 2007-ல் 2.6.23 பதிப்பில் இன்கோ மோல்னார் கொண்டுவந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலர் பதினாறு ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் செயலி நேரத்தை நியாயமாகப் பங்கிடுவதே அதன் கொள்கை. ஆனால் ‘எனக்குக் கொஞ்சம் நேரம் போதும், ஆனால் உடனே வேண்டும்’ என்று ஒரு வேலை கேட்டுக்கொள்ள அதில் ஒழுங்கான வழி இல்லை. 2023 அக்டோபரில் வெளிவந்த 6.6 பதிப்பில் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா எழுதிய ஈஈவிடிஎஃப் அதன் இடத்தைப் பிடித்தது. 1995-ல் அயான் ஸ்டோய்காவும் ஹுசைன் அப்தெல் வஹாபும் முன்வைத்த முறையை அடிப்படையாகக் கொண்டது அது. தன் பங்கைவிடக் குறைவாகப் பெற்றிருக்கும் வேலைகளை மட்டும் தகுதியானவையாகக் கொண்டு, அவற்றுள் எதன் கெடு முதலில் வருகிறதோ அதை ஓட்டுகிறது. சிறிய நேரத்துண்டு கேட்கும் வேலைக்குக் கெடு விரைவில் வரும். பங்கு கூடாமலேயே அதற்கு முன்னதாக வாய்ப்புக் கிடைக்கும். 6.12 முதல் ஒரு நிரல் தனக்கான துண்டின் அளவைத் தானே கேட்டுப் பெறவும் முடிகிறது.

இந்த வரலாற்றில் நடைமுறைக்கான ஒரு செய்தி உண்டு. டெபியன் 12-ல் வரும் 6.1 கர்னலில் இருப்பது சிஎஃப்எஸ். டெபியன் 13-ல் வரும் 6.12-ல் இருப்பது ஈஈவிடிஎஃப். பழைய கர்னலில் இருப்பவர் தனிப்பயன் கர்னலுக்குத் தாவிவிட்டு ‘அடடா, எவ்வளவு மாற்றம்’ என்று வியந்தால், அந்த மாற்றத்தின் பெரும்பகுதி பேட்ச்சுகளால் (கர்னல் மூலத்தில் சேர்க்கும் மாற்றங்களால்) வந்ததா, வெறுமனே பதிப்பு உயர்ந்ததால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே முதல் படி, தன் டிஸ்ட்ரோவே தரும் புதிய கர்னலுக்கு மாறுவதுதான். டெபியன் பயன்படுத்துவோருக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இருக்கிறது. வேக உட்கருக்களும் சிக்கன உட்கருக்களும் கலந்த புதிய செயலிகளில் இந்தப் படியின் முக்கியத்துவம் இன்னும் கூடும்.

ஈஈவிடிஎஃப்-இன் மேல் அமரும் பேட்ச்சுகளில் இப்போது பரவலாகப் பேசப்படுவது போர் (பிஓஆர்இ) ஷெட்யூலர். இதை எழுதியவர் மசாஹிதோ சுசுகி. ஒரு வேலை தானாக விலகும் முன் எவ்வளவு நேரம் செயலியைத் தொடர்ந்து பிடித்துவைக்கிறது என்பதைக் கணக்கிட்டு அதற்கு ஒரு மதிப்பெண் தருகிறது இது. சுட்டி அசைவுக்கு விழித்துக் கொஞ்சமாக ஓடிவிட்டு மறுபடி உறங்கும் சாளர மேலாளருக்கு மதிப்பெண் குறைவாக இருக்கும். ஓயாமல் ஓடும் கம்பைலருக்குக் கூடுதலாக இருக்கும். மதிப்பெண் குறைந்தவற்றுக்குச் சலுகை கிடைக்கும். நியாயத்தைச் சற்று வளைத்துப் பதிலை விரைவுபடுத்தும் வேலை இது. மேசைக்கணினிக்கு இந்த வளைவு பெரும்பாலும் ஏற்புடையதே. ஆனால் ஓயாமல் செயலியை உண்ணும் விளையாட்டு ஒன்று முன்னணியில் ஓடி, அடிக்கடி விழிக்கும் பல சிறு வேலைகள் பின்னணியில் ஓடினால் இந்தச் சலுகை தவறான இடத்துக்கும் போகலாம்.

இரண்டாவதாகச் சொன்ன பிரீஎம்ப்ஷன் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சாதாரண நிரல்களை ஓட்டத்தின் நடுவே நிறுத்திவிட்டு வேறொன்றை ஓட்டுவது எல்லா லினக்ஸ் கர்னல்களாலும் முடியும். கர்னல் தன் சொந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் போது அதை இடைமறிக்கலாமா என்பதே இங்குள்ள கேள்வி. ‘வாலண்டரி’ முறையில், குறித்துவைத்த சில இடங்களில் மட்டும் கர்னல் விட்டுக்கொடுக்கும். ‘ஃபுல்’ முறையில், பூட்டுகளைப் பிடித்திருப்பது போன்ற இடங்கள் தவிர எங்கும் இடைமறிக்கலாம். 2025 ஜனவரியில் வந்த 6.13 இவற்றுக்கிடையே ‘லேஸி’ என்ற ஒரு முறையைச் சேர்த்தது. அதில் நிகழ்நேர வேலைகள் உடனே இடைமறிக்கும். சாதாரண வேலைகள் அடுத்த டிக் வரை பொறுக்கும். எல்லாவற்றுக்கும் அப்பால் இருப்பது நிகழ்நேர முறை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனிப் பேட்ச்சாக வளர்ந்து 2024 நவம்பரில் 6.12-இல் முழுமையாகச் சேர்ந்தது அது. பலதட ஒலிப்பதிவு, இயந்திரக் கட்டுப்பாடு போன்றவற்றுக்கு அது விலைமதிப்பற்றது. வெறும் உலாவலுக்கும் எழுத்துக்கும் அதை நாடுவது தேவையற்றது. மொத்த வேலையில் இழப்புத் தெரியும், பதிலில் ஆதாயம் தெரியாது.

மூன்றாவது டிக் வேகம். கர்னல் விநாடிக்கு எத்தனை முறை விழித்து ‘இவன் நேரம் முடிந்ததா’ என்று பார்க்கிறது என்பது. 100, 250, 300, 1000 என்ற நான்கு மதிப்புகள் உண்டு. எட்டோ அதற்கு மேலோ இழைகள் (த்ரெட்) கொண்ட செயலியில் ஈஈவிடிஎஃப் ஏறக்குறைய 3 மில்லிவிநாடியை அடிப்படைத் துண்டாக வைத்துக்கொள்கிறது. டிக் 250 ஆக இருந்தால் கர்னல் 4 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கும். 3 மில்லிவிநாடித் துண்டு நடைமுறையில் 4 ஆகிவிடும். 1000 ஆக இருந்தால் துண்டு முடிந்ததும் பிடிபடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி, 144 ஹெர்ட்ஸில் 6.9 மட்டுமே. வரிசையில் முன்னால் இரண்டு வேலைகள் நின்றாலே அந்த 6.9-ஐ 4 மில்லிவிநாடித் துண்டுகள் விழுங்கிவிடும். திரையின் வீதம் கூடக்கூட டிக் வேகத்தின் பொருட்படுத்தத்தக்க தன்மையும் கூடுவது இதனால்தான்.

இப்போது ஓடும் கர்னலின் அமைப்பை ‘/பூட்’ கோப்புறையில் ‘காண்ஃபிக்’ என்று தொடங்கும் கோப்பில் பார்க்கலாம். சில டிஸ்ட்ரோக்களில் அது ‘/ப்ராக்/காண்ஃபிக்.ஜிஇசட்’ என்று சுருக்கப்பட்டிருக்கும். உபுண்டு 24.10 முதல் அதன் பொதுக் கர்னலே 1000 டிக்குடன் வருகிறது என்பதால், தனிப்பயன் கர்னல் தருவதாகச் சொல்வதில் ஒரு பகுதி ஏற்கெனவே கையில் இருக்கக்கூடும்.

இவை தவிர்த்துப் பட்டியல்களில் வருபவற்றில் கம்பைலர் மேம்படுத்தல்கள் பற்றி மட்டும் ஒரு சொல். எக்ஸ்86-64 குடும்பத்துக்கு வி1 முதல் வி4 வரை நான்கு அடுக்குகள் வகுக்கப்பட்டுள்ளன. வி3 அடுக்குக்கு ஏவிஎக்ஸ்2 போன்ற கட்டளைகள் வேண்டும், வி4-க்கு ஏவிஎக்ஸ்-512 வேண்டும். காணொளி மாற்றும் நிரலுக்கு இவற்றால் நல்ல ஆதாயம் உண்டு. கர்னலோ இந்த வெக்டர் கட்டளைகளைத் தன் பொதுவான பகுதிகளில் வேண்டுமென்றே தவிர்க்கிறது. ஆகவே அங்கே ஆதாயம் அற்பம். செயலி ஏற்காத அடுக்கைத் தேர்ந்தெடுத்தால் கணினி பூட் ஆகாமலே போகலாம் என்பதை மறக்கக் கூடாது.

கர்னலை மாற்றாமலே செய்யக்கூடியவை

தனிப்பயன் கர்னலின் சில ஆதாயங்களை இருக்கும் கர்னலிலேயே பரிசோதிக்க முடியும். இதைச் செய்து பார்க்காமல் கர்னலை மாற்றுவது அவசரம் என்பேன்.

பிரீஎம்ப்ஷன் முறையை மாற்றக் கர்னலைக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. 2021-ல் வந்த 5.12 முதல் பல டிஸ்ட்ரோக்கள் இந்த முறையைப் பூட் நேரத்திலேயே மாற்றும் வசதியுடன் கர்னலைக் கட்டுகின்றன. பூட் மெனுவில் கர்னல் வரியின் இறுதியில் ‘பிரீஎம்ப்ட்=ஃபுல்’ என்று ஒருமுறை சேர்த்துத் தொடங்கினால் போதும். பிடிக்கவில்லையெனில் அடுத்த பூட்டில் அது தானாக மறைந்துவிடும். எந்த முறை நடப்பில் உள்ளது என்பதை நிர்வாகி உரிமையுடன் ‘/சிஸ்/கர்னல்/டீபக்/ஷெட்/பிரீஎம்ப்ட்’ கோப்பைப் பார்த்து அறியலாம். நடப்பு முறை அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

கனமான வேலையை, முன்னுரிமையைக் குறைக்கும் ‘நைஸ்’ கட்டளையால் 19 என்ற மதிப்பில் ஓட்டுவது இன்னும் எளியது. வழக்கமான வேலையின் எடை 1024 என்றால் நைஸ் 19 வேலையின் எடை வெறும் 15. செயலி ஓய்வாக இருந்தால் கம்பைலர் முழு வேகத்தில் ஓடும். உலாவி விழித்தால் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே வகைக் கனமான வேலையால்தான் தடுமாற்றம் வருகிறது என்றால், அதைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் ‘நைஸ் -என் 19’ என்று சேர்ப்பதே முழுத் தீர்வாக அமையலாம்.

2024-ல் 6.12 கர்னலுடன் வந்த ஷெட் எக்ஸ்ட் இந்தத் துறையின் கணக்கையே மாற்றியிருக்கிறது. பிபிஎஃப் (கர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடும் சிறு நிரல்) வடிவில் எழுதப்பட்ட ஒரு ஷெட்யூலரை, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலில் மறுதொடக்கமின்றி ஏற்றவும் இறக்கவும் இதனால் முடிகிறது. லாவ்ட், பிபிஎஃப்லேண்ட், ரஸ்டி என்று பல ஷெட்யூலர்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. இவற்றில் லாவ்ட் கையடக்க விளையாட்டுக் கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிபிஎஃப்லேண்ட் ஊடாடும் வேலைகளுக்கு முன்னுரிமை தருவது. ஏற்றிய ஷெட்யூலர் ஏதாவது ஒரு வேலையை 30 விநாடி வரை ஓடவிடாமல் பட்டினி போட்டால் கர்னல் அதைத் தூக்கியெறிந்துவிட்டு வழக்கமான ஷெட்யூலருக்குத் திரும்பிவிடும். எனவே பரிசோதனையில் பெரிய ஆபத்தில்லை. இப்படி ஒன்றை முழுமையாக ஏற்றியிருக்கும்போது சாதாரண வேலைகள் எல்லாம் அதன் கைக்குப் போய்விடுவதால் போர் போன்ற பேட்ச்சுகள் அங்கே செயலற்றுக் கிடக்கும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு இரட்டிப்புப் பலனை எதிர்பார்ப்பவர்களைப் பார்க்கிறேன். அப்படி ஒன்று கிடையாது.

நினைவக அழுத்தம்தான் குறை என்று பிஎஸ்ஐ காட்டியிருந்தால் நினைவகத்தின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கிவைக்கும் இசட்ரேம் அமைப்பதும், 2022 இறுதியில் 6.1-இல் சேர்ந்த, எந்தப் பக்கங்களை வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் பல்தலைமுறை எல்ஆர்யூ செயலில் உள்ளதா என்று ‘/சிஸ்/கர்னல்/எம்எம்/எல்ஆர்யூ_ஜென்’ கோப்புறையில் பார்ப்பதும் சரியான வழி. அங்குள்ள ‘மின்_டிடிஎல்_எம்எஸ்’ மதிப்பை 1000 என்று வைத்தால், கடந்த ஒரு விநாடிக்குள் பயன்பட்ட பக்கங்களைக் கர்னல் வெளியேற்றாமல் காக்கும். காக்க முடியாத நிலை வந்தால் ஏதோ ஒரு நிரலைக் கொன்றுவிடும் என்பதை அறிந்தே இதைச் செய்ய வேண்டும்.

யுஎஸ்பி வட்டுக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் கணினி உறைகிறதா? எழுதப்படாத தரவு நினைவகத்தில் குவிவதே காரணமாக இருக்கும். கிடைக்கும் நினைவகத்தில் 20 விழுக்காடு வரை அப்படிக் குவிய இயல்பமைப்பு இடம் தருகிறது. நினைவகம் பெரிதாக உள்ள கணினியில் அது சில ஜிகாபைட் ஆகிவிடும். ‘விஎம்.டர்ட்டி_பைட்ஸ்’ மதிப்பைச் சில நூறு மெகாபைட்டாகக் கட்டுப்படுத்தினால் உறைதல் விலகும். சுழலும் வட்டு வைத்திருப்பவர்கள் 2017 முதல் கர்னலில் இருக்கும் பிஎஃப்க்யூ என்ற வட்டு ஷெட்யூலரையும் அந்த வட்டுக்கு இட்டுப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இவ்வளவுக்குப் பிறகும் செயலிப் போட்டியால் வரும் தடுமாற்றம் எஞ்சியிருந்தால் தனிப்பயன் கர்னலுக்கு நியாயம் உண்டு. தேர்வில் நான் முதலிடம் தருவது அளவீட்டு வரைபடங்களுக்கு அல்ல. அந்தக் கர்னல் என் டிஸ்ட்ரோவில் எந்த வழியாக வருகிறது, எவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்படுகிறது என்பவற்றுக்கே. கர்னலில் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வருகின்றன. நிலைப்பதிப்பில் திருத்தம் வந்த பின்னும் அது நம் கணினிக்கு வர நாட்கணக்காகும் என்றால், மில்லிவிநாடிகளில் மிச்சம் பிடித்தது எதற்கு?

தொடர்ச்சி பற்றிய எச்சரிக்கைக்கு இந்தத் துறையிலேயே சான்றுகள் உண்டு. ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவரான கான் கோலிவாஸ், மேசைக்கணினியின் மறுமொழிக்காகவே தொடர்ந்து பேட்ச்சுகள் எழுதியவர். 2009-ல் பிஎஃப்எஸ் ஷெட்யூலரையும், 2016-ல் அதன் வழித்தோன்றலான மக்ஸையும் வெளியிட்டார். பல தனிப்பயன் கர்னல்கள் அவற்றின் மேல் கட்டப்பட்டன. 2021-ல் அவர் அப்பணியை நிறுத்தியபோது அவையெல்லாம் வேறு ஷெட்யூலரைத் தேட வேண்டியிருந்தது. தனிமனிதர் என்பதால்தான் அப்படி ஆனது என்று சொல்லிவிடவும் முடியாது. இன்டெல் நிறுவனமே நடத்திய, வேகத்துக்குப் பெயர்பெற்ற கிளியர் லினக்ஸ் 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. எந்தக் கர்னலைத் தேர்ந்தாலும் வழக்கமான கர்னலுக்கு ஒரே மறுதொடக்கத்தில் திரும்பும் வழி திறந்திருக்க வேண்டும்.

ஆர்ச் பயன்படுத்துவோருக்குத் தேர்வு எளிது. ஜென் கர்னல் அதன் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. வழக்கமான கர்னலுடன் சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது. அதே கையொப்பச் சங்கிலியில் வருகிறது. பேட்ச்சுகள் அளவோடு இருப்பதால் ஆச்சரியங்கள் குறைவு. வேறெதையும் யோசிக்காமல் ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஆர்ச் காரருக்கு இதையே சொல்வேன்.

டெபியன், உபுண்டு, அவற்றின் வழிவந்த டிஸ்ட்ரோக்களில் போட்டி லிகோரிக்ஸுக்கும் சான்மாடுக்கும் இடையே. லிகோரிக்ஸ் ஜென்னின் பேட்ச்சுகளை அடித்தளமாகக் கொண்டது. மொத்த வேலையில் இழப்பு வந்தாலும் பரவாயில்லை, பதில் தாமதிக்கக் கூடாது என்பதில் உறுதியானது. மடிக்கணினியின் மின்கலம் நீடிக்க வேண்டும் என்பவருக்கு அது முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. சான்மாட் புதிய கிளை, நீண்டகால ஆதரவுக் கிளை, நிகழ்நேரக் கிளை என்று தனித்தனிப் பேக்கேஜ்களாக, செயலி அடுக்குகளுக்கு ஏற்பவும் பிரித்துத் தருகிறது. நீண்டகால ஆதரவுக் கிளை என்விடியா டிரைவர் போன்ற வெளி மாட்யூல்களை நம்பியிருப்பவர்களுக்கு ஒத்துவரும். செயலி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று ஐயமிருந்தால் ஒரு படி தாழ்ந்த அடுக்கை எடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

போர் ஷெட்யூலரை ஆயத்த நிலையில் முயல விரும்புவோருக்குக் கேச்சிஓஎஸ் கர்னல் வசதியானது. போர், ஈஈவிடிஎஃப், நிகழ்நேரம், நீண்டகால ஆதரவு என்று பல வகைகள் அதில் கட்டப்படுகின்றன. ஃபெடோராவுக்குக் காப்பர் களஞ்சியம் வழியாகவும் அது கிடைக்கிறது. எல்லாவற்றையும் தானே தெரிவுசெய்ய விரும்புபவருக்கு டிகேஜி என்ற கட்டுமான ஸ்கிரிப்ட் உண்டு. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் தானே கம்பைல் செய்ய வேண்டும் என்பதால், அந்த ஒழுக்கம் தன்னிடம் நீடிக்கும் என்று நம்புபவர் மட்டும் அதில் இறங்குவது நல்லது. பாதியில் சலித்துப்போய் மாதக்கணக்கில் பழைய கர்னலிலேயே இருப்பதைவிட வழக்கமான கர்னல் எவ்வளவோ மேல்.

நிறுவுதலும் ஒப்பீடும்

நிறுவும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். வழக்கமான கர்னல் பேக்கேஜை நீக்காமல் அதன் அருகிலேயே புதியதை நிறுவுவது முதலாவது. அடுத்து, புதிய கர்னலுக்குரிய ஹெடர் பேக்கேஜையும் சேர்த்தே நிறுவ வேண்டும். அது இல்லையெனில் ஒவ்வொரு கர்னலுக்கும் வெளி மாட்யூல்களைத் தனியே கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாக வரும் என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் மாட்யூல்கள் உருவாகாமல், மறுதொடக்கத்துக்குப் பின் கறுப்புத் திரைதான் மிஞ்சும். இசட்எஃப்எஸ் எப்போதும் கர்னலின் புதிய பதிப்புகளுக்குச் சற்றுப் பிந்தியே ஆதரவு தருவது. வேர்க் கோப்புமுறைமையே அதில் இருப்பவர்கள் புதிய கிளையைத் தொடவே வேண்டாம். மூன்றாவது செக்யூர் பூட். டிஸ்ட்ரோவின் திறவுகோலால் கையொப்பமிடப்படாத கர்னலை அது ஓடவிடாது. சொந்தத் திறவுகோல் உருவாக்கிப் பதிவுசெய்து ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கையொப்பமிடும் ஏற்பாடு வேண்டும். அதற்குச் சோம்பி செக்யூர் பூட்டையே அணைப்பது பலர் செய்வதுதான். செய்வதன் பொருளை அறிந்து செய்ய வேண்டும். செயலியின் பாதுகாப்புக் குறைகளுக்கான காப்புகளை ‘மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்’ அளவுருவால் அணைக்கும் ஆலோசனையும் அடிக்கடி வரும். மறுமொழிக்காக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுதொடக்கம் ஆனதும் ‘யூநேம் -ஆர்’ இட்டு எந்தக் கர்னல் ஓடுகிறது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பூட் மெனு பழையதையே இயல்பாக எடுத்திருக்க, புதிய கர்னலின் அருமையை உணர்வதாகச் சொல்பவர்கள் உண்டு.

ஒப்பீட்டில் உணர்வை மட்டும் நம்ப முடியாததற்கு அதுவே காரணம். எல்லா இழைகளையும் நிரப்பும் ஒரே சுமையை இரண்டு கர்னல்களிலும் ஓட்ட வேண்டும். கர்னல் மூலத்தையே இழைகளின் எண்ணிக்கைக்கு இரு மடங்கு வேலைகளுடன் ‘மேக்’ செய்வது நல்ல சுமை. அது ஓடும்போது ஒரே காணொளி, ஒரே நீண்ட பக்கம், ஒரே ஒலிக்கோப்பு என்று வைத்துக்கொண்டு, தவறிய சட்டகங்களையும் ஒலி அறுபட்ட எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணால் அளக்க விரும்புவோர் பெரும்பாலும் சைக்ளிக்டெஸ்ட் என்ற தாமத அளவீட்டுக் கருவியை எடுப்பார்கள். அதை வழக்கப்படி நிகழ்நேர முன்னுரிமையில் ஓட்டினால் அது அளப்பது பிரீஎம்ப்ஷன் முறையைத்தான்; போரும் ஈஈவிடிஎஃப்-உம் ஆளும் சாதாரண வேலைகளின் வரிசையை அது தொடுவதே இல்லை. சாதாரண வேலைகள் விழிக்க எடுக்கும் நேரத்தை அளக்க எஸ்சிஎச்பென்ச் பொருத்தமானது. அதன் வெளியீட்டில் சராசரியை விட்டுவிட்டு 99, 99.9 விழுக்காட்டு மதிப்புகளைப் பார்க்க வேண்டும். நூறில் தொண்ணூற்றெட்டு முறை சரியாக வந்து இரண்டு முறை 40 மில்லிவிநாடி தாமதித்தால் சராசரியில் அது காணாமல் போகும், கண்ணுக்கோ அந்த இரண்டுதான் தெரியும்.

போர் உள்ள கர்னலில் இன்னும் தூய்மையான ஒப்பீடு சாத்தியம். ‘கர்னல்.ஷெட்_போர்’ என்ற சிஸ்கண்ட்ரோல் மதிப்பை 0 ஆக்கினால் அந்தப் பேட்ச் அணைந்து அடியிலிருக்கும் ஷெட்யூலர் வெளிப்படும். 1 ஆக்கினால் மீண்டும் செயல்படும். பதிப்பு, கம்பைலர், டிக் வேகம் எல்லாம் ஒன்றாகவே இருக்க ஷெட்யூலர் மட்டும் மாறுவதால், தெரியும் வேறுபாடு அதனால் வந்ததே என்று சொல்லலாம். இன்னொருவரை விட்டு மதிப்பை மாற்றச்சொல்லி, எது எதுவென்று தெரியாமல் பயன்படுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

கம்பைல் முடிய எடுத்த மொத்த நேரத்தையும் அதே வேளையில் குறித்துக்கொள்வது நல்லது; மறுமொழிக்காகக் கொடுத்த விலை அந்த எண்ணில் தெரியும். மடிக்கணினியானால் ஓய்வு நிலையில் மின்கலம் தேயும் வேகத்தையும் பார்க்க வேண்டும். சில நாட்கள் வழக்கமான வேலைகளோடு ஓட்டி, உறக்க நிலையிலிருந்து சரியாக விழிக்கிறதா, வைஃபை அறுபடுகிறதா என்று கவனித்த பிறகே புதிய கர்னலைப் பூட் மெனுவின் இயல்புத் தேர்வாக மாற்றுவது முறை. ஒப்பீட்டில் வேறுபாடு தெரியவில்லை என்றால் கர்னல் பேக்கேஜையும் ஹெடரையும் நீக்குவதோடு, அதற்காகச் சேர்த்த வெளிக் களஞ்சியத்தையும் அதன் கையொப்பத் திறவுகோலையும் சேர்த்தே அகற்றிவிட வேண்டும்.